நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்

கல்யாண வீடுகளில் ஆன்டிமார்கள் "நீ என்னம்மா வேலை பாக்குற?" என்று கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். டாக்டர் என்றால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். என் வேலையோ, ஒரு கம்ப்யூட்டரில் வரைந்த நாற்காலியை இன்னொரு கம்ப்யூட்டருக்குப் புரியவைப்பது. அப்படிச் சொன்னால், "ஓ, கம்ப்யூட்டர் ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் பந்தி பக்கம் போய்விடுவார்கள்.

மலேசியாவில், சுபாங் ஜெயாவில் மருத்துவமனைச் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். கட்டில், சக்கர நாற்காலி, நோயாளியைத் தூக்கும் கருவி என்று பலதும் செய்கிறோம். சில வருஷங்களுக்கு முன்பு எங்கள் கம்பெனி கிள்ளானில் ஒரு சின்னத் தொழிற்சாலையை வாங்கியது. அவர்கள் செய்தது குளியல் நாற்காலி. நடக்க முடியாதவர் உட்கார்ந்தபடியே குளியலறைக்குள் போய்க் குளித்துவிட்டு வரலாம், அதற்கேற்பச் சின்னச் சக்கரங்கள் வைத்தது. நாங்கள் வரைவது ஒரு மென்பொருளில், அவர்கள் வரைவது வேறொன்றில். இரண்டும் சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி, ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காது. அவர்களுடைய வரைபடங்கள், பாகங்களின் எண்கள், எந்தப் பாகம் எதோடு சேரும் என்ற விவரம் எல்லாவற்றையும் எங்கள் பக்கம் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு.

அந்தப் பக்கம் இதையெல்லாம் வரைந்தவர் ஒரே ஒருவர்தான். திருச்சிப் பக்கத்திலிருந்து வேலை விசாவில் வந்தவர், என்னைவிட மூத்தவர். நான் அண்ணே என்று கூப்பிடுவேன், அவர் என்னை மேடம் என்பார். எவ்வளவு திட்டியும் அந்த மேடத்தை அவர் விடவில்லை. வரைபடங்கள் எல்லாம் எங்களிடம் வந்து சேர்ந்துவிட்டால் கிள்ளானில் டிசைனர் தேவையில்லை, அவருடைய விசா புதுப்பிக்கப்படாது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் நான் கேட்கிற கோப்பையெல்லாம் அன்றைக்கே அனுப்பிவைப்பார். கொஞ்சமாவது இழுத்தடித்திருந்தால் என் மனசு ஆறியிருக்கும். அவர் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டது எனக்கு எரிச்சலாக இருந்தது.

முதல் கோப்பைத் திறந்ததும் தலை சுற்றியது. எந்த வரைபடத்துக்கும் ஒரு பூஜ்யப் புள்ளி உண்டு, எல்லா அளவுகளும் அங்கிருந்துதான் தொடங்கும். எங்கள் ஆபீஸில் அது எப்போதும் தரையில், ஒரு மூலையில் இருக்கும். அவருடைய நாற்காலியிலோ அது அந்தரத்தில், இருக்கைக்குச் சற்று மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில் இருந்தது. உடனே போன் போட்டேன்.

"அண்ணே, உங்க ஜீரோ ஏன் காத்துல தொங்குது?"

"காத்துல இல்ல மேடம். அங்க ஆள் உக்காந்திருக்காங்க."

"எனக்கு ஆள் யாரும் தெரியலயே."

"அப்ப உங்க பக்கம் வந்து சேரல போல. ஒருவாட்டி நேர்ல வந்து பாருங்க."

ஃபெடரல் ஹைவே ஜாமில் முணுமுணுத்துக்கொண்டே கிள்ளானுக்குப் போனேன். அவருடைய திரையில் அதே நாற்காலி. அதில் நீலக் கோடுகளால் ஆன ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. தலைக்கு ஒரு வட்டம், முதுகுக்கு ஒரு கோடு, கைகால்களுக்குச் சில கோடுகள், அவ்வளவுதான். பிள்ளைகள் சுவரில் கிறுக்கியது போலிருந்தது. ஆனால் முதுகுக் கோட்டை அவர் கொஞ்சம் நீட்டிக் காட்டியதும் நாற்காலியின் சாய்மானம் தானாக உயர்ந்தது. முழங்கையை இறக்கினால் கைப்பிடி இறங்கியது. அவர் ஆளை முதலில் வரைந்து, அந்த ஆளைச் சுற்றி நாற்காலியைக் கட்டியிருந்தார். பூஜ்யம் அந்த ஆளின் இடுப்பில் இருந்தது.

"யாரு அண்ணே இது?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"எங்க வீட்ல" என்றார்.

அவருடைய மனைவி. பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துபோனவர். ஊரில் அண்ணனின் அக்காதான் அவரைத் தினமும் குளிப்பாட்டிவிடுகிறார். அந்த அக்கா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லையாம்.

"அக்கா தங்கம். இருந்தாலும் இவளுக்கு அது ஆகல மேடம். தானே குளிக்கணும், அது ஒண்ணுதான் கேக்குறா. வேற எதுவும் என்கிட்ட கேட்டதில்ல."

விசா முடிவதற்குள் அந்த நாற்காலியைச் சரியாகச் செய்து, கையோடு ஊருக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். வேலை போவதைப் பற்றி அன்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு மென்பொருள்களுக்கும் பொதுவாக ஒரு நடுக் கோப்பு உண்டு. இந்தப் பக்கம் வரைந்ததை அதில் எழுதி, அந்தப் பக்கம் திறக்க வேண்டும். நாங்கள் வைத்திருந்த ஏற்பாட்டில் திடமான பொருள் மட்டும்தான் அதில் ஏறும், குறிப்புக் கோடுகள் ஏறாது. அதனால் நாற்காலி வந்தது, உட்கார்ந்திருந்தவர் வரவில்லை. இதை எங்கள் பாஸிடம் சொன்னேன். செராஸ்காரர், சீனர், நல்ல மனுஷர், பொறுமை மட்டும் கிடையாது. நாற்காலி வந்துவிட்டதல்லவா, மேலே போ என்றார்.

எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்ததும் எங்கள் மென்பொருள் தன் வழக்கப்படி, ஒன்றுபோல இருக்கும் பாகங்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்தது. குளியல் நாற்காலியின் வலது கைப்பிடி, இடது கைப்பிடியைவிட ஒரு விரல் அகலம் தாழ்வாக இருந்தது. மீட்டிங்கில் பார்த்த எல்லோருக்கும் அது கைத்தவறு என்றே பட்டது. இரண்டு பக்கத்துக்கும் இடது பக்க உயரத்திலேயே ஒரே கைப்பிடி, ஒரே எண், வார்க்க ஒரே மோல்டு என்று முடிவானது. அண்ணனும் கிள்ளானிலிருந்து ஆன்லைனில் இருந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று பாஸ் அவரைக் கேட்டார். ஒன்றுமில்லை என்றார்.

மாதிரி நாற்காலி தயாரானதும் பார்க்கப் போனேன். அண்ணன் அதில் உட்கார்ந்து, இடது கையைச் செத்த கை போல மடியில் போட்டுக்கொண்டு, வலது கையை மட்டும் ஊன்றி எழப் பார்த்தார். கைப்பிடி உயரமாக இருந்ததால் தோள்தான் மேலே ஏறியது, உடம்பு எழவில்லை. கையை முன்னால் நகர்த்திப் பார்த்தார், அப்போதும் முடியவில்லை. பிறகு இரண்டு கையையும் ஊன்றி எழுந்து, ஒரு துணியை எடுத்து நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நல்லாதான் இருக்கு மேடம்."

"என்ன லா அண்ணே நல்லா இருக்கு? ஒரு கையில எந்திரிக்கவே முடியல. மீட்டிங்ல ஏன் வாயத் தொறக்கல?"

"என்னன்னு சொல்றது? என் பொண்டாட்டிக்கு ஒரு கை வராது, அதனால கம்பெனி ரெண்டு மோல்டு போடணும்னா? நானே கெளம்பப் போற ஆளு. விடுங்க மேடம்."

எனக்குக் கோபம் வந்தாலும் மூக்கு சிவக்கும், அழுகை வந்தாலும் சிவக்கும். அன்று வந்தது எதுவென்று எனக்கே தெரியவில்லை.

"இந்த நாற்காலிய யாரு வாங்குறாங்கன்னு நெனக்கிறீங்க? ஒரு பக்கம் விழுந்தவங்க நெறைய பேரு வாங்குறாங்க. அண்ணிக்கு எது சரியோ அதுதான் அவங்களுக்கும் சரி."

அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்படி அவர் யோசித்ததே இல்லை. இத்தனை காலமும் அந்த நாற்காலியில் அவர் கண்ணுக்கு ஒரே ஒருவர்தான் தெரிந்திருக்கிறார். இந்த மனுஷர் மேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

மறுநாள் பாஸிடம் இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, இரண்டு உயரத்திலும் கைப்பிடி வேண்டும், எந்தப் பக்கம் விழுந்தவருக்கும் பொருந்தும்படி மாற்றி மாட்ட வேண்டும். இன்னொன்று, உட்கார்ந்திருக்கும் உருவத்தையும் ஒரு பாகமாகச் சேர்த்து அதற்கு எண் கொடுக்க வேண்டும். எங்கள் மென்பொருளில் எண் இல்லாத எதையும் யாரும் மதிப்பதில்லை. எண் இருந்தால், பக்கத்தில் ஒரு திருகாணியை மாற்றினாலும் அந்த உருவத்தைத் தாண்டித்தான் மாற்ற முடியும்.

பாஸ் வழக்கமாக எல்லாப் பாகத்துக்கும் கேட்கும் கேள்வியையே கேட்டார். நாமே செய்வதா, வெளியில் வாங்குவதா?

"ரெண்டும் இல்ல பாஸ். ஆளு."

அப்படியானால் ஃபேன்டம் என்று போடு என்றார். பட்டியலில் மட்டும் இருந்து, ஸ்டோரில் இல்லாத பாகத்துக்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர். பேய் என்று அர்த்தம். உயிரோடு இருக்கும் மனுஷியைப் பேய் என்று எழுத மாட்டேன் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். நான் அவரைக் கையோடு அழைத்துப்போய் மாதிரி நாற்காலியில் உட்காரவைத்து, இடது கையை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னேன். மனுஷர் முகம் சிவக்கச் சிவக்க முக்கிப் பார்த்தார்.

"ஓகே லா" என்றார், உட்கார்ந்தபடியே.

உருவத்தை எங்கள் மென்பொருளில் புதிதாக வரைய வேண்டியிருந்தது. அண்ணன் சுபாங் ஜெயாவுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய அளவு சரிவராது, அவள் இளைத்துவிட்டாள் என்று சொல்லி ஊருக்கு வீடியோ கால் போட்டார். அண்ணியை அன்றுதான் முதலில் பார்த்தேன். அக்கா ஒரு முனையைப் பிடிக்க, அண்ணி வலது கையால் டேப்பை இழுத்துப் பிடித்தார். பேச்சு மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வாய்க்குக் குறைச்சலில்லை.

"கல்யாண ஜாக்கெட்டுக்குக்கூட இவ்ளோ அளக்கல. ஏன் தங்கச்சி, இவர வச்சு எப்படித்தான் வேல வாங்குறீங்க?"

"பேசவே மாட்டேங்கிறாரு அண்ணி. அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

"பேசாட்டி போகுது. முழங்கை அளவ ஒழுங்கா எழுதிக்கிட்டாரான்னு பாருங்க."

அண்ணன் எழுதியதை மறுபடியும் சரிபார்த்தார். அடுத்த மாதிரி நாற்காலியில் அவர் ஒரு கையை ஊன்றியே எழுந்து நின்றார். நின்றவர் உடனே மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். தொழிற்சாலையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விசாவுக்காகவும் நான் கேட்டுப் பார்த்தேன். அது மட்டும் நடக்கவில்லை. கிளம்புவதற்கு முன் கிள்ளான் துணிக்கடையில் மனைவிக்கு ஒரு சேலை எடுத்தார். "ஊர்லேர்ந்து வந்த சேலைய வாங்கி ஊருக்கே கொண்டு போறீங்களா அண்ணே?" என்று கேலி செய்தேன். பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுப் பக்கத்துக் கடையில் வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். பிரித்துக் கட்டிய நாற்காலிப் பெட்டியை மேசைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஒரு கை அதன் மேல் இருக்கச் சாப்பிட்டார். போய்ட்டு வரேன் மேடம் என்றார். திரும்ப வர மாட்டார் என்று இருவருக்கும் தெரியும். அவர் போன பிறகு நான் அந்தக் கடையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஊருக்குப் போன கொஞ்ச நாளில் வீடியோ காலில் கூப்பிட்டார். குளியலறை வாசற்படியை இடித்துச் சமமாக்கியிருந்தார். அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் நாற்காலி. அண்ணன் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டுத் தாங்கிப் பிடிக்கப் போனார். அண்ணி அவர் கையைத் தட்டிவிட்டார். வலது கையைத் தாழ்ந்த கைப்பிடியில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, உடம்பைத் தூக்கி நாற்காலியில் வைத்தார். வலது காலால் தரையை உந்தி உந்திக் குளியலறைக்குள் போனார். பின்னாலேயே இரண்டு பேரும் போனையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அண்ணி தலையைத் திருப்பினார்.

"எல்லாரும் வெளிய போங்க. தங்கச்சி, நீங்களும்தான்."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றார். அக்கா கையில் போன் தாழ்ந்து திரும்பியதில், பழக்கத்தில் அவர் தோளில் போட்டு வந்த துண்டும், கதவைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் முகமும் தெரிந்தன.

"இப்ப நான் என்னடா செய்யட்டும்?" என்றார் அக்கா.

"நீ உக்காருக்கா" என்றார் அண்ணன்.