ஆன்டெனாவில் இல்லாத பழுது

சித்தப்பாவின் ஆன்டெனா வெறும் செம்புக் கம்பிதான். மாடிக் கம்பத்திலிருந்து தென்னை மரம் வரை அதை இழுத்துக் கட்டி, எங்கெங்கோ இருக்கும் அமெச்சூர் வானொலிக்காரர்களின் பேச்சை நாள்தோறும் கேட்பார். கச்சிராயபாளையத்தில் வேறு யாருக்கும் அந்தப் பைத்தியம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

நான் நான்காம் வகுப்பு படித்த ஆண்டில் அவருடைய ரேடியோவில் ஒரு கரகரப்பு புகுந்தது. பொழுது சாயும்போது தொடங்கும்; விடிந்தால் நின்றுவிடும். ஆன்டெனா ஒயரைக் கழற்றினால் பெட்டி அமைதியாகிவிடும். ஆகவே பழுது வெளியில்தான் என்று முடிவுசெய்து, ஒயருக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தார். இணைப்புகளைச் சுரண்டிப் புதிதாகப் பற்றவைத்தார். கடைசியில் தென்னையில் ஏறிக் கம்பியையே மாற்றினார். கரகரப்பு குறையவில்லை.

"கம்பியக் கட்டிக்கினு அழுவறதுக்கு ஒரு பொண்ணக் கட்டுடா" என்று அப்பா சிரித்தார்.

ஒரு சனிக்கிழமை விடிந்த பிறகும் அது நிற்கவில்லை. அப்பா முதல் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தார். பேட்டரி ரேடியோவை எடுத்துக்கொண்டு, இரைச்சல் கூடும் திசையில் நடந்து பார்ப்பது என்று சித்தப்பா தீர்மானித்தார். நான்தான் தூக்குவேன் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். ஏரியலை முழு நீளத்துக்கு இழுத்து, மோப்பம் பிடிக்கும் நாயைப் போலத் தரையை ஒட்டி நீட்டியபடி வரப்பில் ஓடினேன். மோட்டார் கொட்டகையைத் தாண்டியதும் இரைச்சல் காதைக் கிழித்தது.

"இங்க ஜாஸ்தி சித்தப்பா" என்று கத்திக்கொண்டே எங்கள் கரும்புக்குள் நுழையப் போனேன்.

பின்னாலிருந்து ஜடை இழுபட்டது. மல்லாந்து விழுந்தேன்; ரேடியோ வாய்க்காலில் போய் விழுந்தது. கரும்பைச் சுற்றி, முழங்கால் உயரத்தில், ஒரு மெல்லிய கம்பி கட்டியிருந்தது. ஈரப்புல் பட்ட இடத்தில் அது பொறி கக்கியது. அருகே ஒரு கீரி விறைத்துக் கிடந்தது. ஏரியல் முனைக்கும் கம்பிக்கும் இடையே ஒரு சாண் இருந்திருக்கும்.  சித்தப்பா என்னை அசையாமல் உட்காரச் சொல்லிவிட்டு, கொட்டகைக்குள் போய் மெயினை இறக்கினார். 

மதியம் அப்பா வந்ததும் நான் முந்திக்கொண்டேன்.

"சித்தப்பா என் ஜடையப் புடிச்சி இழுத்துத் தள்ளிட்டாருப்பா."

"எங்க வச்சி?"

"மோட்டார் கொட்டாய்க்கு அந்தாண்ட. கம்பிகிட்ட."

அப்பா கையிலிருந்த பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். காட்டுப்பன்றிக்காக மோட்டார் லைனிலிருந்து திருட்டுத்தனமாக அவர் இழுத்த மின்வேலி அது. தினமும் விடிந்ததும் துண்டித்துவிடுவார். அன்று பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில் மறந்துவிட்டார். பன்றிக்கென்று கட்டியது வேறு யாரையெல்லாம் தொடக்கூடும் என்று அதுவரை அவர் எண்ணிப் பார்த்ததில்லை போலும்.

"இவ மட்டும் இல்லண்ணா" என்றார் சித்தப்பா, தணிந்த குரலில். "திங்கக்கெழம மலையிலேர்ந்து கரும்பு வெட்டாளுங்க எறங்குறாங்க. புள்ளைங்களோட."

 அப்பா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு கைகளைத் தடவினார், கால்களைத் தடவினார், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். என் புகாரை அவர் அவ்வளவு கருத்தாக விசாரித்தது அதுவே முதல்முறை. சித்தப்பாவுக்கு நல்ல திட்டு காத்திருக்கிறது என்று மகிழ்ந்தேன். ஆனாலும் அப்பா தவறான இடங்களிலேயே தேடிக்கொண்டிருந்ததால், தலையைத் திருப்பி, வலிப்பது ஜடையில்தான் என்று பொறுமையாகக் காட்டினேன்.