ஏலமலையில் ஒரு அகோய்

போடிக்கு ரயில் வராத காலம். கல்யாணமான மூன்றாம் மாதம் பொதிமாடுகளுக்குப் பின்னால் நடந்தே ஏலமலை ஏறினேன். என் வீட்டுக்காரருக்கு அங்கே எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை உத்தியோகம்.

எங்கள் துரை முன்பு கப்பலில் இருந்தவர். எதிர்ச் சரிவில் நிற்கும் ஆளைக் கூப்பிட, வாயருகே கையைக் குவித்து "அகோய்!" என்பார். கடலில் ஒரு கப்பல்காரன் இன்னொரு கப்பலைக் கண்டால் போடும் சத்தமாம் அது. என்ன அர்த்தம் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"நான் இங்கன இருக்கேன், நீ யாருன்னு கேக்குறது. அம்புட்டுத்தான்" என்றார்.

அந்தச் சொல்லைக் கொத்திக்கொண்டு போனவர்கள் ஏலக்காய் எடுக்கும் பெண்கள்தான். புருஷன் பேரைச் சொல்லக்கூடாது. அவ்வளவு தூரத்துக்கு "இந்தாங்க" என்றால் யார் காதில் விழும்? கஞ்சி ஆறினாலும் அகோய், மழை இருட்டினாலும் அகோய், பிள்ளை அழுதாலும் அகோய். துரை சிரித்தாரோ நொந்துகொண்டாரோ தெரியாது. நானும் கூச்சம் விட்டுக் கத்தப் பழகினேன். தொண்டை திறந்து கத்துவதில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

ஐப்பசியில் ஒரு மத்தியானம். மழை விட்டு மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. ஓடையின் மரப்பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை, நானும் பக்கத்து வீட்டு அக்காவும் கரையில் நின்று கண்ணால் பார்த்தோம். காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் போன என் வீட்டுக்காரர் அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும். அதற்குள் மஞ்சு அக்கரையை மறைத்துவிட்டது. பாலம் இருக்கிறதென்று அவர் காலை வைத்தால் தீர்ந்தது.

"அகோய்!" என்று கத்தினேன். மஞ்சுக்குள்ளிருந்து ஏழெட்டு அகோய் திரும்பி வந்தது. யார் யாருடைய புருஷனோ! மறுபடி கத்தினேன், இன்னும் நாலு கூடுதலாக வந்தது. இவர் பாட்டுக்கு நடந்து வந்துகொண்டிருப்பார்.

அவர் பேரைச் சொல்லிக் கத்தினேன். முழுப் பேரையும். "நில்லுங்க! பாலம் போச்சு!"

"ஏ ஆத்தா, பேரச் சொல்லிப்புட்டியே!" என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மலையில் ஒரு சத்தமில்லை. பிறகு, ஓடைக்கு நேர் எதிரே, மிகப் பக்கத்தில் அவர் குரல்:

"நின்னுட்டேன் புள்ள."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மேல்வழியாகச் சுற்றி, சொட்டச் சொட்ட வீட்டுக்குள் வந்தவர் கதவைச் சாத்தினார்.

"இன்னொருக்கா சொல்லு" என்றார்.

மாட்டேன் என்றேன். துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னேன்.