ஈரச்சாக்கு போர்த்திய பெட்டி

சொல்ல வெட்கமாக இருந்தாலும் நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்றில் சென்சார் பெட்டி மாட்டினேன். அது ஷெட்டின் சூட்டை அளக்கும். கோழிகளுக்கு எப்போது தண்ணீர் தெளிப்பது என்று செயற்கை நுண்ணறிவு முடிவு செய்யும். பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் பூவாயி அக்காவிடம், "பெட்டி மேல வெயில் படாம பாத்துக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் சித்திரை மத்தியானம். அக்கா போனில் பதறினார்.

"ஏனுங்க தம்பி, கோழியெல்லாம் வாயத் தொறந்துட்டு மூச்சு வாங்குதுங்க. தண்ணி இன்னும் வரலீங்களே?"

என் போனிலோ ஷெட் குளுகுளுவென்று இருந்தது. "மிஷின் பொய் சொல்லாதுங்கக்கா. எதையும் தொடாதீங்க" என்றேன்.

"கோழியும் பொய் சொல்லாதுங்க" என்று போனை வைத்துவிட்டார்.

மனசு கேட்காமல் பைக்கை விரட்டிக்கொண்டு போனேன். அதற்குள் அக்காவே சுவிட்சைப் போட்டிருந்தார். சாரல் விழ, கோழிகள் உற்சாகமாகக் கொக்கரித்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. அண்ணாந்து பார்த்தேன். என் பெட்டியைச் சுற்றிக் கட்டிய கோணிச்சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்கதானுங்க வெயில் படக்கூடாதுன்னீங்க! பாவம், அதுக்கும் வேகும்னு மூணு தடவ நனச்சு உட்டேன்."

கோடையில் ஷெட்டைச் சுற்றி ஈரச்சாக்கு தொங்கவிடுவது அங்கே வழக்கம். அந்தக் கரிசனம் என் பெட்டிக்கும் கிடைத்திருக்கிறது; அது ஈரச்சாக்கின் குளிர்ச்சியை அளந்து, ஷெட்டே குளுகுளுவென்று இருப்பதாகச் சொல்லியிருக்கிறது. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது எதற்கான பெட்டி என்று சொல்லாமல் வந்தவன் நான்தானே!

இப்போதெல்லாம் போன் 'எல்லாம் சரி' என்று காட்டினாலும், கோழிகள் என்ன சொல்கின்றன என்று அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் மத்தியானச் சோற்றில் கை வைக்கிறேன்.