ஹீனா எழுதிக் கொடுத்த இரண்டு பக்கம்

பேரிகை ஊர் ஹீனாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சண்டை போடுவாள். அதே மூன்று மொழிகளில் ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனிகளுக்குப் பாதுகாப்பு அறிவிப்புகள் எழுதிக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. எங்கேயும் சம்பள ஆள் இல்லை. கேட்டால் எழுதுவாள், கொடுத்துவிட்டு வந்துவிடுவாள்.

போன வருஷம் சூளகிரியில் ஒரு கம்பெனிக்கு அவள் எழுதிய கதை இரண்டே பக்கம். பிரஸ் மெஷினில் இரண்டு விரலைப் பறிகொடுத்த ஒரு தகப்பன், மகளுக்குச் சடை பின்னப் படும் பாடு. எழுதும்போதே அழுதாள். பின்னே? அந்தத் தகப்பன் அவள் புருஷன் அர்பாஸ்தானே!

ஷிஃப்ட் தொடங்குமுன் அதை மைக்கில் வாசித்தார்கள். கேட்டவர்களெல்லாம் நகல் கேட்டார்கள். சின்னப் புத்தகமாகப் போட ஆசைப்பட்டு, மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லப் போனாள். மேனேஜர் வெங்கட் முடியாது என்றுவிட்டார்.

“நீங்க காண்ட்ராக்ட்தானேம்மா? காண்ட்ராக்ட் ஆளு செஞ்சது கம்பெனிக்குத்தான்.”

ஓசூரில் காண்ட்ராக்ட் என்றால் ஏஜென்சி மூலம் வந்து லைனில் நிற்கும் தொழிலாளிதான். கேட்டில் செக்யூரிட்டி அவள் கழுத்தில் மாட்டிவிட்ட பாஸிலும் அதே சொல். வாயாடி ஹீனா அன்று சண்டை போடாமலே வீடு திரும்பினாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை, பாவம்.

மூன்றாம் நாள், கதைக்காகக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத் தாளைத் தேடியெடுத்து வரி வரியாகப் படித்தாள். ஆலைக்குள் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம் என்றிருந்தது. உரிமையை எழுதிக் கொடுத்ததாக ஒரு வரிகூட இல்லை. நேரே போய் வெங்கட் மேசையில் வைத்தாள்.

“காண்ட்ராக்ட் ஆளு வேற சார், காண்ட்ராக்ட் போட்டு எழுதறவ வேற. நான் என்னிக்கு உங்க லைன்ல நின்னேன்?”

கம்பெனி வக்கீல் பிரியா படித்துவிட்டுச் சிரித்தார். “அவங்க சொல்றது சரி, வெங்கட். எழுதி வாங்காத வரைக்கும் கதை அவங்களோடதுதான்.”

வெங்கட் தப்பை ஒத்துக்கொண்டார். ஆனால் மற்ற ஆலைகளுக்கும் கதை வேண்டுமாம். முழு உரிமையையும் எழுதித் தரச் சொல்லிப் புதுத் தாள் ஒன்றை நீட்டினார். யோசித்துச் சொல்வதாக வாங்கி வந்தாள்.

வீட்டில் அதைப் பிரித்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

“ஏங்க, கேக்காம எடுத்துக்கிட்டாங்கன்னு அங்க குதிச்சேன். உங்க கையப் பத்தி எழுத உங்ககிட்ட நானே கேக்கலியே.”

அர்பாஸ் அந்தத் தாளை அவள் பக்கமே நகர்த்தினான். “விரல் எப்படிப் போச்சுன்னு ஊரே கேட்டுது. போனப்புறம் எப்படி இருக்கேன்னு பார்த்தவ நீ ஒருத்திதான். அது உன்னுது ஹீனா. யாருக்கும் எழுதிக் குடுக்காத.”

கையெழுத்துப் போடாமல் தாளை மடித்து வைத்தாள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவன் பெயரைப் போடலாமா என்று, இந்தத் தடவை, கேட்டாள்.