ஹம்சாவின் மணப்பெண் படங்கள்

லண்டன் வெம்பிளியில் றூபினி நடத்தும் மணப்பெண் அலங்காரக் கடைக்கு முகம் என்றால் அது ஹம்சாதான். அறுபதுகளின் நடிகைகளைப் போல கண்மையை வால் நீட்டி இழுத்து, கொண்டையை உயர்த்திக் கட்டி, றூபினி அவளை ஒருநாள் படம் எடுத்துப் போட்டாள். அதன் பிறகு செவன் கிங்ஸிலிருந்தும் கோலியர்ஸ் வுட்டிலிருந்தும் "ஹம்சா மாதிரி" என்று கேட்டு வந்தார்கள். ஊர்ப்பட்ட பெண்களை மணவறைக்கு அனுப்பிய அந்த முகத்தைப் பெண் கேட்டு மட்டும் ஒருவரும் வரவில்லை. வாடகைத் தாலியோடு அத்தனை படத்தில் நின்றவளை எந்த மாமியார் எடுப்பாள்? நரம்பில்லாத நாக்குகள்!

காதலித்தவனும் வீட்டுப் பேச்சைக் கேட்டு நழுவினான். ஹம்சா குடிக்கத் தொடங்கினாள், உடம்பு வைத்தது. றூபினியும் தன் பங்குக்கு, "இப்பிடி ஊதினால் ஆர் உன்னைப் பாப்பினம்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். மெலிவதற்கென்று இணையத்தில் வாங்கி விழுங்கிய குளிசைகள் அவள் இதயத்தை நிறுத்திவிட்டன. வயது இருபத்தாறு.

மரண அறிவித்தலுக்குப் படம் கேட்டார்கள். றூபினி அவசரத்தில் இருந்ததிலேயே அழகானதை அனுப்பிவிட்டாள். கடை விளம்பரங்களில் அவளோடு மாப்பிள்ளையாக நின்ற பிரியந்தனை வெட்டியாயிற்று. தாலியும் வகிட்டுக் குங்குமமும் அப்படியே கிடந்தன. அறிவித்தல் வந்ததும் சனம் பிரியந்தனுக்குத் தொலைபேசி எடுத்துத் துக்கம் விசாரித்தது. பாவம், அவனுடைய உண்மையான மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஹம்சாவின் தாய் நகுலேஸ்வரி கடைக்கே வந்துவிட்டார்.

"கலியாணம் கட்டாத பிள்ளையைத் தாலியோட அனுப்பச் சொல்லுறியோ? அவளின்ர சொந்த முகத்தோட ஒரு படம் தா. செத்தவீட்டுக்கு முதல் மாத்த வேணும். என்னட்டைப் பள்ளிக்கூடப் படம்தான் கிடக்கு."

"தாறன் அன்ரி."

கணினியில் எங்கு பார்த்தாலும் ஹம்சா. எல்லாவற்றிலும் றூபினி வரைந்த கண், றூபினி ஒட்டிய இமை. ஒன்றே ஒன்றில்தான் பூச்சு இல்லை. ஊதிவிட்டாள் என்று எல்லோர் முன்னாலும் பேச்சு வாங்கிய அன்று, முகத்தைத் துடைத்துவிட்டு, மூக்குச் சிவக்க மூலையில் இருந்தவளைக் கமெராக்காரன் சும்மா எடுத்தது. றூபினி அதைச் சட்டென்று தள்ளினாள்.

"நில்லு. அதைக் காட்டு."

"அதிலை அவள் அழுறாள் அன்ரி."

"ஓம், தெரியுது." நகுலேஸ்வரி திரையில் மகளின் கன்னத்தைத் தடவினார். "ஆர் அழ வைச்சது?"

"நான்தான்."

நகுலேஸ்வரி திரையிலிருந்து கையை எடுத்தார். அந்தப் படத்தையே அனுப்பச் சொல்லி, அது போய்ச் சேரும்வரை நின்றார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டார்.

"நீ செத்தவீட்டுக்கு வராதை, பிள்ளை."