வலைக்கதவும் அளவு ப்ளவுஸும்

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் ஸ்டெல்லாவின் தையல் அறைக்குள் போவதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் ஹாலில் நின்று, காலடியில் பூனை இல்லையென்று குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும். வலைக்கதவை உடம்பு நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்து பக்கவாட்டில் நுழைய வேண்டும். உள்ளே போனதும் கொக்கியைப் போட வேண்டும். கொக்கி விழுந்த சத்தம் காதில் பட்ட பிறகுதான் ஸ்டெல்லா தலையை நிமிர்த்தி “வாங்க” என்பாள். அதுவரைக்கும், வந்தவர் பெரிய அதிகாரியின் மனைவியாகவே இருந்தாலும் அவள் கணக்கில் இன்னும் வராதவர்தான்.

கதவைச் செய்தவன் அவள் புருஷன் டேனியல். லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சமையலறை அலமாரிக்கு ஒரு கீல் மாற்றச் சொன்னால் மாதக்கணக்கில் யோசிக்கிற மனிதன், பூனைக்கு ஆபத்து என்றதும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரும்புச் சட்டம் அடித்து, கம்பி வலை இழுத்துக் கட்டி, சரக்கு வண்டிக்குப் போடுகிற மாதிரி உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று கொக்கியும் வைத்து முடித்துவிட்டான். அந்த வீட்டில் யாருக்கு எவ்வளவு மதிப்பு என்பது ஸ்டெல்லாவுக்கு அன்றைக்கே விளங்கிப்போயிற்று.

பூனைகள் இரண்டு. வெள்ளையாக, எதையும் அலட்சியமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் பேகம். கறுப்புக் கோட்டு போட்ட மாதிரி இருப்பவன் டி.டி.இ.; ரயிலில் டிக்கெட் பரிசோதகர் மாதிரி, வருகிறவர்கள் பையையெல்லாம் முகர்ந்து சோதனை போடுவதால் வந்த பேர். கதவு வருவதற்கு முன்னால் ஸ்டெல்லா என்னென்னவோ செய்து பார்த்தாள். அறை வாசலில் ஆரஞ்சுத் தோல் போட்டாள், டி.டி.இ. அதை வைத்துப் பந்து விளையாடினான். பாச்சை உருண்டை போடலாமா என்று கால்நடை டாக்டரிடம் கேட்டதற்கு, அது பூனைக்கு விஷம் என்று அவர் கத்திவிட்டார். கத்தி முடித்து இன்னொன்றும் சொன்னார். பூனையின் நாக்கில் இருக்கிற முட்களெல்லாம் தொண்டைப் பக்கமாகவே சாய்ந்திருக்கும். நூல் ஒட்டிக்கொண்டால் துப்பத் தெரியாது. உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நூலின் நுனியில் ஊசியும் இருந்துவிட்டால் அப்புறம் கத்தி வைப்பதுதான் வழி. வாயோரம் நூல் தெரிந்தால் மட்டும் எக்காரணம் கொண்டும் பிடித்து இழுத்துவிடாதே, குடலை அறுத்துவிடும் என்றார்.

அன்றிலிருந்து நூல்கண்டெல்லாம் மூடி போட்ட பிஸ்கட் டப்பாவுக்குள் போயிற்று. குண்டூசிகளைக் காந்தத்தில் ஒட்டவைத்தாள். எழுந்துபோகும்போது இஸ்திரிப் பெட்டியின் பிளக்கும் மெஷின் மோட்டாரின் பிளக்கும் வெளியே வந்தன. அப்படிக் காபந்து பண்ணி வைத்திருந்த கோட்டைக்குள்தான் ப்ரியம்வதா மாமி வந்தாள்.

மாரெட்பள்ளியில் சொந்த ஃபிளாட். வீட்டுக்காரர் பத்ரிநாராயணன், பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றிலிருந்து ரிட்டயர் ஆனவர். மாமிக்கு வருஷக்கணக்காக ஸ்டெல்லாதான் தைத்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் பெண் கல்யாணத்துக்கு மாம்பழ நிறப் பட்டில் ஒரு ப்ளவுஸ். போட்டுப் பார்க்க வந்திருந்தாள். போட்டுப் பார்த்தாள், திருப்தியும் பட்டாள். கை ஓரம் மடித்துத் தைப்பதுதான் பாக்கி. ஊசி துணியிலேயே குத்தியிருந்தது. அந்த நேரம் பார்த்து அடுப்பில் குக்கர் சத்தம் போட, ஸ்டெல்லா ஓடினாள். மாமிக்கும் ஃபோன் வந்தது. காதில் ஃபோனும் தோளில் பையுமாகப் பேசிக்கொண்டே அவள் வெளியேறினாள். கொக்கி விழுந்த சத்தம் கேட்கவில்லை. குக்கர் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்டெல்லா நினைத்துக்கொண்டாள்.

அவள் திரும்பி வந்தபோது வலைக்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. பேகம் மாம்பழப் பட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். வாயோரத்தில் மஞ்சள் நூல் ஒரு விரல் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. ஊசியைக் காணோம்.

ஸ்டெல்லாவின் கை நூலை நோக்கிப் போயிற்று, பாதியில் நின்றது. அப்படி நிறுத்தினதில்தான் பேகம் பிழைத்தாள் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். எக்ஸ்ரேயில் ஊசி வயிற்றுக்குள் தெளிவாகத் தெரிந்தது. கத்தி வைத்தார்கள். டேனியல் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, சொந்தத் தாய்க்குக்கூடச் செய்யாத அளவுக்கு ஜெபம் செய்தான்.

ப்ளவுஸ் தாமதமாகத்தான் போயிற்று. ஒட்டின பூனை முடியையெல்லாம் ஈரத் துணியால் துடைத்துத்தான் கொடுத்தாள். ஆனாலும் ஒன்று தப்பிவிட்டது. அந்த ஒற்றை முடியை மாமி ஃபோனில் பெரிதாக்கி, மாரெட்பள்ளித் தமிழ்ப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். பார்த்தால் தென்னை ஓலை மாதிரி இருந்தது. ஸ்டெல்லாவின் வீட்டில் பூனைகள் மெஷின் மேல் படுத்துத் தூங்குகின்றன, பட்டுத் துணி கொடுக்கிறவர்கள் யோசித்துக் கொடுங்கள் என்று கீழே எழுத்து.

அந்தக் குழுவில் இருந்த காஞ்சனாதான் இதைக் கொண்டுவந்து காட்டினாள். காஞ்சனா ஸ்டெல்லாவின் பழைய வாடிக்கையாளர். மாமி இருக்கும் அதே ஃபிளாட்டுகளில் குடியிருக்கிறவள். இந்தப் பக்கத்துச் செய்தியை அந்தப் பக்கமும், அந்தப் பக்கத்ததை இந்தப் பக்கமும் சேதாரமில்லாமல் சேர்ப்பவள். கதவைத் திறந்துபோட்டது மாமிதான், பூனை செத்துப் பிழைத்தது என்று ஸ்டெல்லா சொல்லியனுப்பினாள். அதற்கு மாமி குழுவில் வாய்ஸ் மெசேஜ் போட்டாள்.

“கதவைத் திறந்து போட்டுட்டு வர ஆளா நான்? காலம் பூரா டிஃபென்ஸ் குவார்ட்டர்ஸ்ல இருந்தவா நாங்க.”

தேசத்தின் பாதுகாப்பே தன் கொக்கியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்கிற தொனி. வாடிக்கையாளர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கழன்றுகொண்டார்கள். வேலை போனது ஸ்டெல்லாவுக்கு வலித்தது. ஆனால் எரிந்தது வேறு இடம். பேகத்தின் வயிற்றில் தையல் போட்டிருந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குரல் காதில் கேட்டது. ‘நான்தான் திறந்துபோட்டேன்’ என்று அதே வாயால், அதே குழுவில் அவள் சொல்ல வேண்டும். சொல்லவைக்காமல் விடுவதில்லை என்று ஸ்டெல்லா கருவிக்கொண்டாள். அவள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். மன்னிப்பைப் பற்றி எவ்வளவோ பிரசங்கம் கேட்டிருக்கிறாள். எந்தப் பிரசங்கத்திலும் பூனை வரவில்லை.

சந்தர்ப்பம் தானாக வந்தது. மாமி தன் அளவு ப்ளவுஸைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டாள்.

அளவு ப்ளவுஸ் என்பது பெண்களுக்கு ஜாதகம் மாதிரி. என்றைக்கோ ஒரு நாள் கச்சிதமாக அமைந்துபோன ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, தையற்காரரிடம் போகும்போதெல்லாம் ‘இதே மாதிரி’ என்று கொடுப்பார்கள். அதை யாரும் உடுத்துவதில்லை, உடுத்தினால் தளர்ந்துவிடும். உடம்பு மாறும், வயசு மாறும், அது மட்டும் கவருக்குள் அப்படியே இருக்கும். மாமியுடையது வெளுத்துப்போன காப்பிப்பொடி நிறம். ஸ்டெல்லாவே எப்போதோ தைத்தது.

ஸ்டெல்லா வலைக்கதவைச் சாத்திக் கொக்கி போட்டாள். பிளேடை எடுத்துப் பக்கத் தையலைப் பிரித்தாள். இடுப்பில் கொஞ்சம், அக்குளில் கொஞ்சம், கையில் கொஞ்சம் என்று உள்ளே பிடித்தாள். புது நூல் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், நூலை முதலிலேயே சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டு மங்கவைத்திருந்தாள். பழைய தையல் இருந்த தடத்தை ஈரத் துணி வைத்துத் தேய்த்து அழித்தாள். கல்யாண ப்ளவுஸுக்குக்கூட அவள் அவ்வளவு பொறுமையாக வேலை செய்ததில்லை. வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த டேனியல், “நக்கோ ஸ்டெல்லா, வேணாம், பாவம்” என்றான். யாருக்குப் பாவம் என்று அவள் கேட்டாள். அவன் பேகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

ப்ளவுஸ் மாமியிடம் திரும்பிப் போன பிறகு காஞ்சனா வருகிற நாளெல்லாம் ஸ்டெல்லாவுக்குத் திருநாள்தான். முதல் தையற்காரன் தைத்த ப்ளவுஸில் மாமிக்குக் கை ஏறவில்லை. கடையில் போய்ச் சத்தம் போட்டாள். அவன் புது ப்ளவுஸை அளவு ப்ளவுஸின் மேல் விரித்து, ஓரத்தோடு ஓரம் சரியாக இருப்பதைக் காட்டி, “ஹவ், பராபர் ஹை மேடம்” என்று மற்றவர்கள் முன்னால் சிரித்தான். இரண்டாவது தையற்காரனிடமும் இதே கதை. மூன்றாவது ஒரு பொட்டீக். அங்கே இருந்த பெண் இங்கிலீஷில் அவமானப்படுத்தினாள். மாமி சண்டை போடாத தையல் கடை மாரெட்பள்ளியில் இல்லையென்று ஆயிற்று. ஸ்டெல்லா ஒவ்வொரு கதையையும் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். டீயில் சர்க்கரை போட மறந்தும் அது இனித்தது.

கடைசியில் மாமி ஒரு முடிவுக்கு வந்தாள். இத்தனை பேரும் தப்பாகத் தைத்திருக்க முடியாது. அளவு ப்ளவுஸ் பொய் சொல்லாது. அப்படியென்றால் தான்தான் பெருத்துவிட்டோம். நிலைக்கண்ணாடி முன்னால் நின்று பார்த்தாள். சந்தேகத்தோடு பார்த்தால் எல்லாரும் குண்டுதான். சாயங்கால பஜ்ஜி நின்றது. நெய் நின்றது. ராத்திரிச் சாதம் நின்று சிறுதானியம் வந்தது. ஒரு கல்யாண வீட்டில் பாயசத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு எழுந்துபோனாளாம். அதைக் கேட்ட அன்றைக்கு ஸ்டெல்லா பேகத்துக்கு நெத்திலி வாங்கிப் போட்டாள்.

ஆனால் செய்தியின் போக்கு மெல்ல மெல்ல மாறிற்று. மாமி காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்கிறாள் என்றாள் காஞ்சனா. அப்புறம் மாமிக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது, டாக்டர் கைகுலுக்கினார் என்றாள். மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லையாம். முட்டி வலி போய்விட்டதாம். பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறாள் என்று குழுவில் எல்லோரும் எழுதுகிறார்களாம். ஷூ போட்ட படம் ஒன்றையும் காட்டினாள். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தாள். ஸ்டெல்லாவுக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

டேனியல் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். “நீ பழி வாங்கினா ஜனங்க நூறு வருசம் இருப்பாங்க போலக்குது. எனக்கும் பிபி இருக்குது, என்னையும் கொஞ்சம் வாங்கேன்.”

மாமி நேரிலேயே வந்த நாளில் ஸ்டெல்லா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். புடவை ஓரம் அடிக்கிற பீக்கோ வேலை, அந்தச் சமயம் வந்துகொண்டிருந்ததெல்லாம் அதுதான். ஹாலில் டி.டி.இ. மாமியின் பெரிய பையை முகர்ந்து சோதனை போட்டான். பை நிறைய ப்ளவுஸ்கள். பழையதெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதாம். பையன் ஹர்ஷாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம். மாமியார் ப்ளவுஸ் புதிதாகத் தைக்க வேண்டுமாம். சண்டை போட்ட கடைகள் எதிலும் ஏற முடியாது என்பதை மட்டும் மாமி சொல்லவில்லை. மாமி கதவில் கை வைத்தாள். உள்ளே கொக்கி போட்டிருந்தது. ஸ்டெல்லா எழுந்து வந்து வலைக்கு இந்தப் பக்கம் நின்றாள், திறக்கவில்லை.

“கதவத் தொறந்துபோட்டது யாரு மாமி?”

“இப்போ எதுக்கும்மா அதெல்லாம்? பழைய கதை.”

“பேகம் வவுத்துல இன்னும் தழும்பு கீது. அதுக்குப் பழைய கத இல்ல.”

மாமி கீழே பார்த்தாள். பேகம் தரையில் மல்லாந்து படுத்திருந்தாள். முடி முளைத்தும் முளைக்காமலும் வயிற்றில் ஒரு கோடு. 

“ஃபோன்ல இருந்தேன்,” என்றாள். “சாத்தினேனா இல்லையான்னு எனக்கே ஞாபகம் இல்லை. சாத்தலைன்னுதான் நினைக்கறேன்.”

“என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? குரூப்ல சொல்லுங்க.”

மாமி பையைக் கீழே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பையன் கல்யாணம் என்பது சாதாரண விஷயமில்லை. ஃபோனை வாய்க்கு நேராகப் பிடித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினாள். “ஸ்டெல்லா ஆத்துல பூனையைத் தையல் ரூமுக்குள்ள விடறதே இல்லை. அன்னிக்குக் கதவைச் சாத்தாம வந்தது நான்தான். அந்தப் பூனைக்கு ஆபரேஷன்வரைக்கும் போயிடுத்து. தப்பு என்னோடது.”

ஸ்டெல்லா கொக்கியை எடுத்துக் கதவைத் திறந்தாள். மாமியின் விரல் இன்னும் ஃபோனில்தான் இருந்தது.

“ஆனா ப்ளவுஸ்ல முடி இருந்தது இருந்ததுதான்,” என்று சொல்லி முடித்து, விரலை எடுத்தாள். மெசேஜ் போயே போய்விட்டது.

மாமி பக்கவாட்டில் நுழைந்து, கொக்கியைப் போட்டு, சரியாக விழுந்ததா என்று இழுத்தும் பார்த்தாள். பிறகு பையிலிருந்து காப்பிப்பொடி நிறத்தில் அந்த வஸ்துவை எடுத்தாள். இதுதான் என் கண்ணைத் திறந்தது, இது இல்லாவிட்டால் பெருத்துக்கொண்டேதான் போயிருப்பேன், இப்போது இதுவே எனக்குக் கச்சிதமாக இருக்கிறது, எல்லாவற்றையும் இதே அளவுக்குப் பிடித்துக் கொடு என்றாள். ஸ்டெல்லா அதை வாங்கி மெஷின் மேல் வைத்தாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முடி இருந்தது இருந்ததுதான் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. உண்மை அப்படியே மெஷின் மேல் கிடந்தது.

கல்யாண ப்ளவுஸில் கை வைக்க முடியாது. அது ஸ்டெல்லாவின் பேரோடு மேடை ஏறப் போகிறது. அதில் நூலிழை பிசகினாலும் அவள் தலைதான் குனியும். விரோதிக்குத் தன் வாழ்நாளிலேயே சிறந்த ப்ளவுஸைத் தைத்துக் கொடுத்தாக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, நேரடியாக அளவெடுத்துவிடலாம் மாமி, கல்யாண ப்ளவுஸ் பாருங்கள் என்றாள். தட்டில் உஸ்மானியா பிஸ்கட்டும் நீட்டினாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு ஒன்று சாப்பிட்டால் என்ன என்று மாமி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

டேப் இடுப்பைச் சுற்றி வந்தது. மாமி நிஜமாகவே இளைத்துத்தான் இருந்தாள். ஸ்டெல்லா எண்ணைப் பார்த்தாள். டேப்பை எடுத்தாள். எடுத்ததை மறுபடியும் சுற்றி, குனிந்து, மறுபடியும் பார்த்தாள்.

“என்ன?” என்றாள் மாமி.

“ஒண்ணும் இல்ல மாமி.”

“ஏறியிருக்கா?”

“கல்யாண டென்சன்ல வர்றதுதான். வுடுங்க.”

எண்ணைச் சரியாக, உள்ளபடியே குறித்துக்கொண்டாள். மாமி பிஸ்கட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டாள். போகும்போது கொக்கி அழுத்தமாக விழுந்த சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே ஸ்டெல்லா பார்த்தாள். முனையில் காலியாக நின்ற ஆட்டோக்காரன் கூப்பிடக் கூப்பிட, மாமி அவனைத் திரும்பியும் பார்க்காமல் மாரெட்பள்ளிக்கு நடந்தே போய்க்கொண்டிருந்தாள், வேகமாக, கைகளை வீசிக்கொண்டு.

ஸ்டெல்லா அந்தப் பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள்.