மிஷினுக்கு வைத்த ரத்தம்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ரத்தம் சோதிப்பவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் நுரையீரல் வார்டு நர்ஸ் வைத்த பெயர் வேறு: கருநாக்கு.

பாவம், அவள் யாரையும் சபித்ததில்லை. புற்றுநோயாளியின் ரத்தத்தில் நல்ல கொழுப்பு வாரத்துக்கு வாரம் இறங்கினால் நோய் ஏறுகிறது என்று பதினாறு வருஷத்தில் அவள் கண் பழகியிருந்தது, அவ்வளவுதான். "எட்டாம் கட்டில நல்லாப் பாத்துக்கம்மா" என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டாள். நான்காம் நாள் அந்தக் கட்டிலில் புது விரிப்பு. அன்றிலிருந்து நர்ஸ் குழாய்களை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிவிடுவாள்.

தினமும் காலையில் மிஷினைச் சரிபார்க்க, அளவு தெரிந்த ரத்தம் வேண்டும். கம்பெனி அனுப்பும் குப்பி தீர்ந்து மூன்று மாதம். எத்தனை முறை எழுதினாலும் கிணற்றில் போட்ட கல். ஆத்திர அவசரத்துக்குக் கணவரின் கையைப் பிடித்தாள். அவர் கல்லறுக்கும் பட்டறையில் வேலை செய்பவர். நல்ல கொழுப்பு ஐம்பத்திரண்டு. வாரம் ஒரு குழாய் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்வாள்.

"எனக்குக் கொழுப்புன்னு ஊரே சொல்லுது. இப்ப உன் மிஷினும் சொல்லுதா?" என்று சிரிப்பார்.

இரண்டாம் மாதம் மிஷின் நாற்பத்தாறு காட்டியது. பிறகு முப்பத்தொன்பது. சனியன் தேய்ந்துவிட்டது என்று திட்டிக்கொண்டே, ஐம்பத்திரண்டு வரும்வரை அளவை ஏற்றிவைத்தாள். அளவுகோலே சுருங்கும் என்று யார் நினைப்பார்கள்?

அந்த வாரம் வார்டே தேறியது. மூச்சுக்குத் தவிக்கும் பெரியவருக்கும் எண் ஏறியது. அடுத்த வாரம் கணவரின் குழாய் மறுபடி குறைவாகக் காட்ட, இன்னும் ஏற்றிவைத்தாள்; எல்லோருக்கும் இன்னும் ஏறியது. அப்படித் தேறியவர்களில் மூன்று பேர் வரிசையாகப் போய்ச் சேர்ந்தார்கள். காகிதத்தில் மட்டும் ஆரோக்கியமாக இருந்தவர்களின் பெயர்களைப் பார்த்துவிட்டு, அவள் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

ஒருவழியாகப் புதுக் குப்பியோடு மெக்கானிக் வந்தார். அவள் ஏற்றியதையெல்லாம் அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தார்.

"மிஷின் கல்லு மாதிரி இருக்குக்கா. எதுக்கு இதுல கை வச்சீங்க?"

அவர் போனதும் கணவரின் குழாயை வைத்தாள். இருபத்தேழு. மறுபடியும் வைத்தாள். இருபத்தேழு. ஊரார் கட்டிலையெல்லாம் எண்ணியவளுக்குத் தன் வீட்டுக் கட்டில் தெரியாமல் போயிற்றே!

டாக்டரிடம் ஓடி எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் முகம் இறுகியது.

"அந்த ரிப்போர்ட்டெல்லாம் திருத்தணும், அது வேற. ஆனா ஒரு நம்பர வச்சு கேன்சர்னு சொல்ல முடியாதும்மா. காய்ச்சல் அடிச்சாக்கூட இது இறங்கும். அவருக்குக் காய்ச்சல் இருக்கா? கூட்டிட்டு வாங்க, எக்ஸ்ரே எடுத்துடலாம்."

மதியம் கணவர் வந்தார். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும்போல் இருந்தது. தினமும் பக்கத்தில் படுப்பவள், அன்றுதான் பார்த்தாள்.

"மிஷின் சரியாயிடுச்சா?"

"அது கெடவே இல்லைங்க."

கூடத்தில் அத்தனை பேர் பார்க்க, அவர் நெற்றியில் உள்ளங்கையை அழுத்தினாள். பிறகு கழுத்தில். பிறகு பித்தானைக் கழற்றி நெஞ்சில். கடவுளே, சுடட்டும். கொதிக்கட்டும்.

"என்ன இது, எல்லாரும் பாக்கறாங்க" என்று வெட்கத்தோடு சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று.

அவர் உடம்பு எங்கும் சில்லென்றிருந்தது.